பட்டாவுல நிலத்தையே ஒட்டி வைக்கிறவங்களுக்கு

போன வாரம் ஒரு கோட் ரிவ்யூ. நான் எழுதின அறுபது சொச்சம் வரியைப் பார்த்துட்டு ஒரு சீனியர் அண்ணன் ஒத்த வரியில கமென்ட் போட்டிருந்தார். "கிளாஸ் ஏற்கனவே சீரியலைசபிள் தானே தம்பி, அப்படியே பைண்ட் பண்ணிட்டுப் போகாம எதுக்கு இந்த ஸ்டேட் ஃபேக்டரி எல்லாம்?" கூடவே ஒரு சிரிப்பான் வேற.

அண்ணன் நல்ல மனுஷன். எனக்கு வேலை கத்துக் கொடுத்தவர்ல ஒருத்தர். ஆனா இந்த ஒத்த வரியை நான் வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்து எத்தனையோ பேர் வாயால கேட்டாச்சு. கேட்டு, சரிங்கண்ணேன்னு தலையாட்டி, அதனால ஒரு தடவை நல்லா அடியும் வாங்கியாச்சு. இந்தத் தடவை தலையாட்டப் போறதில்லை. ரிவ்யூ பெட்டிக்குள்ள இவ்வளவையும் எழுதினா டேமேஜர் திட்டுவார், அதனால இங்கே கொட்டுறேன்.

நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேர் பொட்டி தட்டுறவங்க தான், அவங்களுக்கு இது தெரிஞ்ச கதையா இருக்கும். மீதிப் பேருக்காகக் கொஞ்சம் விளக்கம். தெரிஞ்சவங்க நாலு பத்தி தாண்டிக் குதிச்சிடுங்க.

வேடசந்தூர் பக்கம் எங்க வீட்டுக்கு ஒண்ணரை ஏக்கர் புன்செய் இருக்கு. முருங்கை போட்டிருக்கோம். அதுக்குத் தாலுகா ஆபீஸ்ல பட்டா இருக்கு. அந்தப் பட்டாவுல என்ன இருக்கும்? அப்பா பேர், சர்வே நம்பர், உட்பிரிவு, நன்செயா புன்செயா, எத்தனை ஏர், தீர்வை எவ்வளவு. அவ்வளவு தான். மண்ணு இருக்காது, முருங்கை மரம் இருக்காது, மோட்டார் ரூமு இருக்காது. பட்டாவை எடுத்துக்கிட்டுப் போனா நிலத்தைக் கண்டுபிடிக்கலாம், இது யாருதுன்னு சொல்லலாம். நிலம் அது பாட்டுக்கு வேடசந்தூர்ல கிடக்கும்.

கம்ப்யூட்டர்ல இந்தப் பட்டா ரிஜிஸ்டர் செய்யிற வேலையைச் செய்யறது தான் பெயர்ச் சேவை. ஒரு பேரைக் கொடுத்தா அதுக்குரிய சமாச்சாரத்தைக் கொண்டு வந்து கொடுக்கும். நாம தினமும் உபயோகிக்கிற டிஎன்எஸ் ஒண்ணு. ஆபீஸ்கள்ல ஊழியர் விவரம் வச்சிருக்கிற எல்டாப் டைரக்டரி இன்னொண்ணு. ஜாவாக்காரங்க இது எல்லாத்துக்கும் பொதுவா ஒரு வாசல் கட்டினாங்க. அதுக்குப் பேர் ஜேஎன்டிஐ. 2000-ல வந்த ஜாவா 1.3-ல இருந்து ஜாவாவோட கூடவே வருது. உள்ளே வைக்கிறதுக்கு 'பைண்ட்', வெளியே எடுக்கிறதுக்கு 'லுக்கப்'. ரெண்டே ரெண்டு முக்கியமான வேலை.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். ஜாவா புரோகிராம்ல இருக்கிறது ஆப்ஜெக்ட். ஓடிக்கிட்டிருக்கிற புரோகிராமோட மெமரியில உயிரோட நடமாடுற சாமான் அது. டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களைக் கையில வச்சுக்கிட்டிருக்கிற ஒரு ஆப்ஜெக்ட்டை எடுத்துக்குங்க. திறந்த சாக்கெட் இருக்கும், த்ரெட் ஓடிக்கிட்டிருக்கும். இதை எப்படி ஒரு டைரக்டரிக்குள்ள வைப்பீங்க? வைக்க முடியாது. அதுக்குப் பதிலா, 'இன்ன டிரைவர், இன்ன மெஷின், இன்ன போர்ட், இன்ன டேட்டாபேஸ்'னு நாலு வரி வைக்கலாம். எடுக்கிறவன் அந்த நாலு வரியை வச்சு புதுசா ஒரு ஆப்ஜெக்ட்டைக் கட்டிக்கலாம்.

உள்ளே வைக்கும்போது உயிருள்ள ஆப்ஜெக்ட்டை இந்த மாதிரி எழுத்தா மாத்திக் கொடுக்கிற ஆசாமி தான் ஸ்டேட் ஃபேக்டரி. வெளியே எடுக்கும்போது எழுத்துல இருந்து ஆப்ஜெக்ட்டைக் கட்டிக் கொடுக்கிறது ஆப்ஜெக்ட் ஃபேக்டரி. ரெண்டும் ஜோடி. ஸ்டேட் ஃபேக்டரியில எழுத வேண்டியது ஒரே ஒரு மெத்தட். அது கேட்கிற கேள்வியும் ஒண்ணே ஒண்ணு: "இதுல எதைடா நான் எழுதி வைக்கணும்?"

எனக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும். தாலுகா ஆபீஸ்ல பட்டா எழுதின முதல் ஆள் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்.

சிக்கல் எங்கேன்னா, இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லலைன்னா என்ன ஆகும்னு இருக்குல்ல, அங்கே. வரிசையா இருக்கிற ஸ்டேட் ஃபேக்டரி ஒவ்வொண்ணையும் ஜேஎன்டிஐ கேட்கும். எனக்குத் தெரியாதுன்னா அது 'நல்' கொடுக்கும். எல்லாமே 'நல்' கொடுத்தா, அல்லது நீங்க ஒரு ஃபேக்டரியுமே எழுதலைன்னா, ஆப்ஜெக்ட் அப்படியே எல்டாப் பகுதிக்குப் போயிடும். அங்கே ஒரு வரிசை இருக்கு. அது ரெஃபரன்ஸா, இல்லை ரெஃபரன்ஸ் கொடுக்கத் தெரிஞ்சதா? அப்படின்னா நல்லது, முகவரியை மட்டும் எழுதி வைக்கும். இல்லையா, சீரியலைசபிளா? அப்போ மொத்த ஆப்ஜெக்ட்டையும் பைட்டுகளா அரைச்சு, 'ஜாவாசீரியலைஸ்டுடேட்டா'ன்னு ஒரு கட்டத்துக்குள்ள கொட்டி வச்சிடும். ஒரு வார்னிங் கிடையாது. உங்களை ஒரு வார்த்தை கேட்காது.

அதாவது, நல்லது நடக்கணும்னா நீங்க உட்கார்ந்து அறுபது வரி எழுதணும். மோசமானது நடக்கணும்னா ஒரு வரி கூட எழுத வேண்டாம். சும்மா இருந்தாலே போதும். இதை டிசைன்னு சொல்றதா, கண்ணியை விரிச்சு வச்சிருக்காங்கன்னு சொல்றதா?

நான் ஏதோ மிகைப்படுத்துறேன்னு நினைக்கிறவங்க சன் கம்பெனி அந்தக் காலத்துல போட்ட ஜேஎன்டிஐ டுடோரியலை எடுத்துப் பாருங்க. சீரியலைசபிள் ஆப்ஜெக்ட்டை டைரக்டரியில வைக்கிறது எப்படின்னு சொல்லிக் கொடுக்க அவங்க எடுத்துக்கிட்ட உதாரணம் என்ன தெரியுமா? பட்டன். ஆமாங்க, ஸ்க்ரீன்ல வருமே, அமுக்குற பட்டன். 'புஷ் மீ'ன்னு எழுதின ஒரு பட்டனை உருவாக்கி, அதை எல்டாப் டைரக்டரியில வச்சு, திரும்ப எடுத்துக் காட்டுவாங்க. ஊழியர் பேர், போன் நம்பர் எல்லாம் இருக்கிற டைரக்டரியில நடுவால ஒரு பட்டன் உட்கார்ந்திருக்கும். எதுக்குன்னு கேட்கப்படாது. அதே டுடோரியல்ல பக்கத்துலயே ஒரு பழத்தை வச்சு ரெஃபரன்ஸ் முறையும் சொல்லியிருப்பாங்க. ஆரஞ்சுன்னு ஒரு பேரை மட்டும் எழுதி வச்சு, எடுக்கும்போது ஃபேக்டரி அதுல இருந்து பழத்தைக் கட்டும். (நம்மூர்க்காரன் எழுதியிருந்தா சிறுமலை வாழைப்பழம்னு போட்டிருப்பான்.) அது உருப்படியான முறை. ஆனா படிக்கிறவன் எதைக் காப்பி அடிப்பான்? எது சின்னதா இருக்கோ அதை. பட்டனைத் தான்.

இது ஏதோ டுடோரியல் எழுதினவர் சறுக்கினதும் இல்லை. 1999 அக்டோபர்ல இதுக்குன்னே ஒரு குறிப்பு வந்துது, ஆர்எஃப்சி 2713. ஜாவா ஆப்ஜெக்ட்டுகளை எல்டாப் டைரக்டரியில எந்தெந்தக் கட்டத்துல எப்படி வைக்கணும்னு அதுல வரையறுத்திருக்கு. கிளாஸ் பேருக்கு ஒரு கட்டம், அரைச்ச பைட்டுகளுக்கு ஒரு கட்டம், ஃபேக்டரி பேருக்கு ஒரு கட்டம். அப்புறம் ஒரு கட்டம், அதுக்குப் பேர் 'ஜாவாகோட்பேஸ்'. அந்த கிளாஸோட கோடு உங்ககிட்ட இல்லைன்னா எந்த யுஆர்எல்-ல போய் இறக்கிக்கலாம்னு அதுல எழுதி வைக்கலாம். நல்லாக் கவனிங்க. பேர் கேட்டுப் போனவனுக்கு, "இந்தா, இந்த அட்ரஸ்ல ஒரு கோடு இருக்கு, இறக்கி ஓட்டிக்கோ"ன்னு டைரக்டரி சொல்லும். பட்டா நகல் கேட்கப் போனவன் கையில யாரோ ஒருத்தன் வீட்டுச் சாவியைக் கொடுத்து, போய் உள்ளே என்ன இருக்கோ அதைச் சாப்பிட்டு வான்னு அனுப்புற மாதிரி.

சரி, என் சொந்தக் கதைக்கு வர்றேன்.

2020. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் கூட ஆகலை. கொரோனா வந்து எல்லாரையும் ஊருக்கு அனுப்பிட்டாங்க. நான் நாகல்நகர் வீட்டு மாடியில, அஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஒரு டேபிள் ஃபேனோட, ஒரு அயல்நாட்டு வாடிக்கையாளரோட பழைய ஜாவா அப்ளிகேஷனை மேய்ச்சுக்கிட்டிருந்தேன். அதுல செட்டிங்ஸ் எல்லாம் சேர்த்து வச்ச ஒரு ஆப்ஜெக்ட். அதை யாரோ ஒரு புண்ணியவான் பல வருஷம் முன்னாடி எல்டாப்ல அப்படியே பைண்ட் பண்ணி வச்சிருந்தார். ஸ்டேட் ஃபேக்டரி கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. நாலு அப்ளிகேஷன் அந்த ஒரே என்ட்ரியைப் படிக்கும்.

எனக்குக் கொடுத்த ஆணி ரொம்பச் சின்னது. அந்த கிளாஸ்ல ஒரே ஒரு ஃபீல்டு சேர்க்கணும். டைம் அவுட் எத்தனை செகண்டுன்னு ஒரு நம்பர். சேர்த்தேன். டெஸ்ட் பாஸ். ஞாயித்துக்கிழமை ராத்திரி டெப்ளாய். புது வெர்ஷன் மேலே வந்ததும் முதல் வேலையா தன்னோட ஆப்ஜெக்ட்டை எல்டாப்ல திரும்ப எழுதி வச்சுது. அவ்வளவு தான், மத்த மூணு அப்ளிகேஷனும் ஒவ்வொண்ணா மல்லாந்துது. 'இன்வேலிட் கிளாஸ் எக்ஸெப்ஷன்'.

ஜாவா தெரிஞ்சவங்களுக்கு இந்நேரம் புரிஞ்சிருக்கும். ஆப்ஜெக்ட்டை அரைக்கும்போது கூடவே அந்த கிளாஸுக்கு ஒரு வெர்ஷன் நம்பரும் எழுதப்படும். சீரியல் வெர்ஷன் யுஐடி. நாமளே கிளாஸ்ல அதைக் குறிப்பிடலைன்னா, ஜாவா கிளாஸோட அமைப்பைப் பார்த்து அதுவா ஒண்ணைக் கணக்குப் போட்டுக்கும். ஒரு ஃபீல்டு சேர்த்தா அந்த நம்பரே மாறிடும். எழுதினவன் வச்ச நம்பரும் படிக்கிறவன் கிட்ட இருக்கிற நம்பரும் ஒத்துப் போகலைன்னா, படிக்கவே மாட்டேன்னு தூக்கிப் போட்டுடும். எங்க கிளாஸ்ல அந்த வரி இல்லை. என் டெஸ்ட்ல எழுதினதும் படிச்சதும் ஒரே வெர்ஷன், அதனால பாஸ்.

பழைய நிலைக்குத் திருப்பலாம்னா, பழைய என்ட்ரி போச்சு. அதுல என்ன இருந்துதுன்னு பார்க்கலாம்னு பேக்கப்ல இருந்து எல்டாப் சர்ச் போட்டா, வந்து விழுந்தது பேஸ்64 குப்பை. சீரியலைஸ் பண்ணின ஜாவா ஆப்ஜெக்ட் எதை எடுத்தாலும் அதோட பேஸ்64 ஆர், ஓ, சைபர், ஏ, பின்னு தான் ஆரம்பிக்கும். முதல் நாலு பைட் எப்பவும் ஒரே மாதிரி இருக்கிறதால. அன்னைக்கு ராத்திரி அந்த அஞ்சு எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப் போச்சு. அதுக்குள்ள ஒரு போர்ட் நம்பரும் ரெண்டு சர்வர் பேரும் இருக்குன்னு தெரியும், ஆனா படிக்க முடியாது. விடியக்காலை நாலு மணிக்கு பழைய கிளாஸ் ஃபைலைத் தேடிப் பிடிச்சு, அதை வச்சு ஒரு சின்ன புரோகிராம் எழுதி, பேக்கப்ல இருந்த பைட்டுகளைத் திறந்து, திரும்ப பைண்ட் பண்ணினோம்.

மறுநாள் மீட்டிங்ல தப்பு யாருதுன்னு கேட்டாங்க. "ஃப்ரெஷர் ஒருத்தர் கிளாஸை மாத்திட்டார்." அது தான் ரிப்போர்ட். எல்டாப்ல ஆப்ஜெக்ட்டை அரைச்சுக் கொட்டினவரைப் பத்தி ஒரு எழுத்து இல்லை. அதே இடத்துல சர்வர் பேர், போர்ட்னு தனித்தனி கட்டமா எழுத்துல இருந்திருந்தா, ஒரு புது கட்டம் சேர்த்ததுக்கு யாருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது. பழைய அப்ளிகேஷன் தனக்குத் தெரிஞ்ச கட்டத்தைப் படிச்சுட்டு, தெரியாததை விட்டுட்டுப் போயிருக்கும். பட்டாவுல புதுசா ஆதார் நம்பர் கட்டம் ஒண்ணு வந்தா, பழைய வி.ஏ.ஓ.வுக்குப் படிக்கத் தெரியாமப் போயிடுமா என்ன?

அவமானம் பழகிடுச்சு, அதை விடுங்க. அடுத்த வருஷம் நடந்தது தான் பெரிய கூத்து.

2021 டிசம்பர் 10, வெள்ளிக்கிழமை. எங்க ஏரியாவுல அன்னைக்குன்னு பார்த்து கரண்ட் வந்து வந்து போய்க்கிட்டிருந்துது. போன் ஹாட்ஸ்பாட்டுல உட்கார்ந்திருக்கேன். டீம் குரூப்புல ஒரு லிங்க் வந்து விழுந்துது. லாக்4ஜேல ஒரு ஓட்டை, சிவிஇ-2021-44228, தீவிரம் பத்துக்குப் பத்து. அலிபாபா கிளவுடோட பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த சென் ஷாவ்ஜுன் நவம்பர் 24-ஆம் தேதியே அப்பாச்சிக்குத் தகவல் சொல்லியிருந்தார். இப்போ அது ஊருக்கே தெரிஞ்சு போச்சு.

ஓட்டை என்னன்னு தெரியாதவங்களுக்கு: லாக்4ஜே ஜாவா அப்ளிகேஷன் நாட்குறிப்பு எழுதுற சாமான். யார் லாகின் பண்ணினாங்க, என்ன பிழை வந்துதுன்னு எழுதி வைக்கும். 2013-ல அதுல ஒரு வசதி சேர்த்தாங்க. எழுதுற வரிக்கு நடுவுல ஒரு விசேஷக் குறியீட்டோட ஜேஎன்டிஐ பேர் ஒண்ணு வந்தா, அதை லுக்கப் பண்ணி பதிலை அந்த இடத்துல போடும். இப்போ ஒருத்தன் உங்க வெப்சைட்டுக்கு வந்து, யூசர்நேம் பெட்டியில தன்னோட சர்வருக்கு ஒரு எல்டாப் முகவரியை அந்தக் குறியீட்டோட தட்டுறான். அப்ளிகேஷன், "இந்த யூசர்நேம் தப்பு"ன்னு லாக் எழுதப் போகுது. எழுதப் போற இடத்துல அந்த முகவரியை லுக்கப் பண்ணுது. அவனோட எல்டாப் சர்வர் பதில் கொடுக்குது. என்ன பதில்? ஆர்எஃப்சி 2713 சொன்ன மாதிரியே, அட்சரம் பிசகாம: கிளாஸ் பேர் இது, ஃபேக்டரி பேர் இது, கோட்பேஸ் இந்த யுஆர்எல். உங்க சர்வர் அங்கே போய் கோடை இறக்கி ஓட்டும். முடிஞ்சுது கதை. மைன்கிராஃப்ட் விளையாட்டோட சாட் பெட்டியில ஒரு வரி தட்டியே சர்வரைப் புடிச்சாங்க.

அந்த ரெண்டு வாரம் எப்படிப் போச்சுன்னு பொட்டி தட்டுறவங்களைக் கேளுங்க. 2.15 போட்டோம். அதுலயும் ஓட்டைன்னாங்க. 2.16 போட்டோம், அதுல ஜேஎன்டிஐ-யையே இயல்பா அணைச்சு வச்சுட்டாங்க. அப்புறம் 2.17. அப்புறம் 2.17.1. ஒவ்வொரு தடவையும் நாலு அப்ளிகேஷன், ஒவ்வொண்ணுக்கும் மூணு சூழல். சில இடத்துல வெர்ஷன் மாத்த முடியாம ஜார் ஃபைலைத் திறந்து அந்த ஒரு கிளாஸை மட்டும் பிடுங்கிப் போட்டோம். அம்மா மாடிக்கு டீ கொண்டு வந்து வச்சு, அது ஆறி, திரும்பச் சூடு பண்ணி, அதுவும் ஆறி... கிறிஸ்துமஸ் லீவுல ஊர் வந்த நண்பர்கள் பிரியாணி சாப்பிடக் கூப்பிட்டாங்க, போக முடியலை. திண்டுக்கல்ல இருந்துக்கிட்டு பிரியாணிக்குப் போக முடியாத அளவுக்கு ஆணின்னா பார்த்துக்குங்க :(

அப்போ எல்லாரும் யாரைத் திட்டினாங்க? லாக்4ஜே எழுதினவங்களை. சம்பளம் வாங்காம, சொந்த வேலை முடிஞ்சு ராத்திரி உட்கார்ந்து பராமரிக்கிற தன்னார்வலர்கள் அவங்க. பெரிய பெரிய கம்பெனி எல்லாம் அதை ஓசியில எடுத்து ஓட்டிட்டு, ஓட்டைன்னதும் அவங்க மேல பாஞ்சுது. ஆமா, அந்த வசதியைச் சேர்த்தது தப்பு. எவனோ தட்டுற எழுத்தைப் பிரிச்சு மேய்ஞ்சது தப்பு. ஒத்துக்கிறேன். ஆனா ஒரு பேரை லுக்கப் பண்ணினதுக்கு அடுத்தவன் கோடு ஓடும்ங்கிறது லாக்4ஜே கண்டுபிடிச்சதா? லாக்4ஜே கதவைத் தட்டுச்சு, அவ்வளவு தான். கதவுக்குப் பின்னால அந்தப் பூதத்தை 1999-லயே கொண்டு வந்து உட்கார வச்சாச்சே. பேர் வச்சிருக்க வேண்டிய இடத்துல ஆளையே கட்டி வைக்கலாம்னு முடிவு பண்ணினப்பவே.

யாருக்கும் தெரியாமலும் இல்லை. 2016-ல லாஸ் வேகாஸ்ல நடந்த பிளாக் ஹாட் மாநாட்டுல ஆல்வாரோ முன்யோஸ், ஒலெக்ஸாண்டர் மிரோஷ்னு ரெண்டு பேர் மேடையேறி இதை அக்குவேறு ஆணிவேறாப் பிரிச்சுக் காட்டினாங்க. 2017 ஜனவரியில ஆர்எம்ஐ வழியா வெளியில இருந்து கோடு இறக்குறதை ஜாவா இயல்பா அணைச்சுது. எல்டாப் வழியை அணைக்க 2018 அக்டோபர் ஆச்சு, ஜாவா 8-ல அப்டேட் 191. எங்க வாடிக்கையாளர் சர்வர்ல என்ன இருந்துதுன்னு கேட்காதீங்க. அப்டேட் 144.

அப்டேட் பண்ணினவங்களாவது நிம்மதியா இருந்தாங்களான்னா, அதுவும் இல்லை. வெளியில இருந்து கோடு இறக்காட்டிப் போகுது, 'ஜாவாசீரியலைஸ்டுடேட்டா' கட்டம் இருக்கே? அதுல விஷமம் பண்ணின பைட்டுகளை வச்சு அனுப்பினா, உங்க சர்வர்ல ஏற்கனவே இருக்கிற லைப்ரரிகளை வச்சே காரியத்தை முடிக்கலாம். அரைச்சதைத் திரும்ப ஆப்ஜெக்ட்டா ஆக்கும்போதே கோடு ஓட ஆரம்பிச்சிடும், நீங்க அதைத் தொடவே வேண்டாம். 2015-லயே காமன்ஸ் கலெக்‌ஷன்ஸ் லைப்ரரியை வச்சு இதைச் செஞ்சு காட்டியாச்சு. ஜாவாவோட தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரைன்ஹோல்ட், 1997-ல சீரியலைசேஷனைச் சேர்த்ததே பெரிய தப்புன்னு 2018-ல வெளிப்படையாவே சொல்லிட்டார். எல்டாப்ல இருந்து வர்ற அந்தக் கட்டத்தை நம்பக்கூடாதுன்னு ஜாவா இயல்பா முடிவு பண்ணினது எப்போ தெரியுமா? ஜாவா 20-ல. 2023 மார்ச். ஆர்எஃப்சி வந்து இருபத்து மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த ஆர்எஃப்சி எழுதும்போது நான் ஸ்கூலுக்கே போகலை சாமி!

இப்போ அண்ணன் சொல்லப் போற பதில்கள் எனக்குத் தெரியும். "நம்ம எல்டாப் ஃபயர்வாலுக்கு உள்ளே இருக்கு தம்பி, எவன் வரப் போறான்?" அண்ணே, அந்த 2016 பேச்சுல அவங்க காட்டினது வெளியில இருந்து வர்றவனை மட்டும் இல்லை. டைரக்டரிக்கு உள்ளேயே ஒரு என்ட்ரியைத் திருத்த அனுமதி இருக்கிறவன், தன் என்ட்ரியிலயே ஜாவா கட்டங்களைச் சேர்த்து வச்சுட்டு உட்கார்ந்திருந்தாப் போதும். ஆப்ஜெக்ட்டாத் திருப்பிக் கொடுன்னு கேட்டுத் தேடுற அப்ளிகேஷன் எப்போ அந்த என்ட்ரியைத் தொடுதோ, அப்போ வேலை முடிஞ்சுது. வீட்டுக்குள்ள இருக்கிறவங்க எல்லாரும் யோக்கியம்னா பீரோவுக்குத் திண்டுக்கல் பூட்டு எதுக்குண்ணே?

எங்க தாத்தா பூட்டுப் பட்டறையில வேலை பார்த்தவர். ஒவ்வொரு பூட்டையும் கையால அரத்தை வச்சு ராவி, லீவர் கோர்த்து, அந்தப் பூட்டுக்குன்னு சாவி செய்யணும். அலிகார் பூட்டு மெஷின்ல மலிவா வந்து இறங்கினதுல எங்க ஊர்ப் பட்டறைகள் படுத்துடுச்சு. 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சும் பெரிசா எழுந்திரிக்கலை. அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுறேன். தாத்தாகிட்ட சின்ன வயசுல ஒரு தடவை, "சாவி தொலைஞ்சா என்ன பண்றது, பூட்டு மேலயே ஒரு சாவியைக் கட்டி வச்சா என்ன"ன்னு கேட்டேனாம். ஊர் பூரா சொல்லிச் சிரிச்சிருக்கார். இன்னைக்கு அதே யோசனையை இருபது வருஷ அனுபவம்னு ரெஸ்யூமேல போட்டுக்கிட்டு சொல்றாங்க.

அடுத்த பதில், "இந்தக் காலத்துல யாருப்பா ஜேஎன்டிஐ உபயோகிக்கிறா, எல்லாம் கிளவுட்ல இருக்கு." யாரும் உபயோகிக்கலைன்னா 2021-ல உலகம் எதுக்கு ரெண்டு வாரம் தூங்காம இருந்துது? அதை விடுங்க. இந்த வியாதி ஜாவாவோட நிக்கலை. பைத்தான்காரங்க ஆப்ஜெக்ட்டை பிக்கிள்னு அரைச்சு ரெடிஸ்ல கொட்டுறாங்க. ஏஐ மாடல் ஃபைல்கள் பலதும் உள்ளுக்குள்ள பிக்கிள் தான். எவனோ ஏத்தி வச்ச மாடலை இறக்கி லோட் பண்ணும்போதே அவன் கோடு உங்க மெஷின்ல ஓடலாம். அதுக்காகத் தான் ஹக்கிங் ஃபேஸ் ஆளுங்க சேஃப்டென்சர்ஸ்னு, வெறும் எண்ணை மட்டும் வைக்கிற ஒரு ஃபைல் முறையைக் கொண்டு வந்தாங்க. பைடார்ச் 2025 ஜனவரியில வந்த 2.6 வெர்ஷன்ல தான் எடைகளை மட்டும் படிக்கிறதை இயல்பாக்குச்சு. அதே கேள்வி தாங்க: எதை எழுதி வைக்கணும்? ஒவ்வொரு மொழிக்காரனும் தனித்தனியா அடி வாங்கித் தான் அதுக்குப் பதில் எழுதுறான்.

மூணாவது பதில் தான் எனக்கு எரிச்சல். "இது ஒரே வரியில முடியுது, உன் கோடு அறுபது வரி, யார் பராமரிக்கிறது?" சரி, அந்த அறுபது வரியில என்ன இருக்குன்னு சொல்றேன். ஸ்டேட் ஃபேக்டரி ஒண்ணு. வர்றது நம்ம கிளாஸான்னு பார்க்கும், இல்லைன்னா 'நல்'. ஆமான்னா, சர்வர் பேர், போர்ட், டைம் அவுட், எந்தச் சூழல்னு நாலு கட்டத்தை எழுத்தா எடுத்து எல்டாப் கட்டங்களாக் கொடுக்கும். அதுக்கு ஜோடியா ஆப்ஜெக்ட் ஃபேக்டரி ஒண்ணு. நாலு கட்டத்தையும் படிச்சு, போர்ட் நம்பர் நம்பர் தானான்னு சரிபார்த்து, புதுசா ஆப்ஜெக்ட் கட்டிக் கொடுக்கும். எங்க கிளாஸ்ல இருந்து சீரியலைசபிளை எடுத்தே போட்டுட்டேன். அது தான் முக்கியமான வேலை. இனிமே எவனாவது ஃபேக்டரியை மறந்துட்டு பைண்ட் பண்ணினா, சத்தம் போடாம அரைச்சுக் கொட்டாது, எக்ஸெப்ஷன் அடிச்சு நிக்கும். பதில் சொல்லாம எவனும் தாண்டிப் போக முடியாது.

பைத்தான்ல எழுதுற பக்கத்து டீம்காரங்க அந்த என்ட்ரியை இப்போ நேரடியாப் படிச்சுக்கிறாங்க. ராத்திரி ரெண்டு மணிக்குப் பிரச்சினைன்னா எல்டாப் சர்ச் போட்டா போர்ட் நம்பர் கண்ணுக்குத் தெரியுது. ஆர், ஓ, சைபர் எல்லாம் இல்லை.

ஸ்டேட் ஃபேக்டரியும் பெரிய அழகி ஒண்ணும் இல்லைங்கிறதையும் சொல்லிடணும். எந்த ஃபேக்டரி ஓடணும்னு ஒரு செட்டிங்ஸ் வரியில கோலன் போட்டுப் பேரை அடுக்கணும். எழுத்துப் பிழை வந்துதுன்னா அது பாட்டுக்கு விட்டுட்டுப் போயிடும், ஏன் ஓடலைன்னு நீங்க மண்டையை உடைச்சுக்கணும். அந்த மெத்தட் கேட்கிற நாலு சாமான்ல ஒண்ணு ஹேஷ்டேபிள். அது ஒண்ணே போதும், எந்தக் காலத்துச் சரக்குன்னு சொல்லிடும். புதுசா ஒரு அப்ளிகேஷன் எழுதுறவன் இது எதையும் தொடாம, ஒரு ஜேசான் ஃபைல்லயோ டேபிள்லயோ நாலு கட்டத்தை எழுதி வச்சா சந்தோஷம். ஆனா பழைய வீட்டைப் பராமரிக்கிற எங்களை மாதிரி ஆளுங்களுக்கு, இருக்கிற சாமான்ல உருப்படியான சாமான் இது தான்.

ரிவ்யூவுல அண்ணனுக்கு ரெண்டு வரி மட்டும் பதில் போட்டிருக்கேன். 2020 அக்டோபர் இன்சிடென்ட் நம்பரையும், அந்த ரிப்போர்ட்ல 'ஃப்ரெஷர்'னு இருக்கிறது நான் தான்ங்கிறதையும். பார்த்துட்டார்னு காட்டுது. அப்ரூவல் இன்னும் வரலை.

டிஸ்கி: நாளைக்கு எங்க ஏரியாவுல பராமரிப்புக்காகக் காலையில ஒன்பதுல இருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட் கட். சீரியலைசேஷனுக்கு வக்காலத்து வாங்குறவங்க பின்னூட்டத்துல கும்மி அடிச்சு வைங்க, ராத்திரி வந்து பதில் சொல்றேன்.